பூண்டுக் கடுகு விருந்து

மார்லிஸ் ஹைசிங்காவுக்கு ஒரே ஆசைதான். தான் சாவதற்குள் ஊரை ஒட்டிய ஓக் காட்டில் பூண்டுக் கடுகு ஒரு செடிகூட மிஞ்சக் கூடாது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர்கள் கறிக்காகக் கொண்டுவந்த கீரை அது. வேலி தாண்டிக் காட்டுக்குள் புகுந்து, அங்கே பூத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அமுக்கிவிட்டது. அதே குடியேறிகளின் வாரிசுகள் கூடி நின்று அதை ‘வந்தேறி’ என்று திட்டினார்கள்.

திட்டினார்களே தவிர, பிடுங்க வரவில்லை. பிடுங்கியதை அரைத்துப் பெஸ்டோ என்ற இத்தாலியத் துவையல் செய்யும் போட்டி ஒன்றை மார்லிஸ் அறிவித்தாள். ஜெயித்தால் கோப்பை. மிச்சிகன்காரர்களுக்கு அது போதும். அதன்பின் மே மாதம் வந்தால் ஊரே காட்டில் குனிந்து நின்றது. சேற்றோடு விதை ஒட்டிவரும் என்பதால், காட்டு வாசலில் இரும்பு பிரஷ் ஒன்றை நட்டுவைத்து, பூட்ஸைத் தேய்க்காத யாரையும் மார்லிஸ் உள்ளே விடவில்லை.

இந்த மே மாதம் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஒன்றும் இல்லை. ஓக் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க் காப்பியை மிச்சமில்லாமல் குடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை போட்டிக்கு வழக்கம்போலக் கிண்ணங்கள் நிறைந்து வந்தன. ஒரு வாய் வைத்தாள். சந்தேகமே இல்லை, பூண்டுக் கடுகுதான்.

“இது எங்க பறிச்சது, வெர்லின்?”

பக்கத்து வீட்டு வெர்லின் பாஸ்மா ரொட்டியைக் கிழித்தான். “அதான் காட்டுல களையை ஜெயிச்சுட்டோமே. பேசாம சாப்பிடு.”

“எங்கன்னு கேட்டேன்.”

“கராஜுக்குப் பின்னால. கொஞ்சூண்டு. முறைக்காதே. நிழல் கட்டி, எருகூட போட்டு வளர்த்தேன்.”

“களைக்கு எருவா?”

“காட்டுல இருந்தாத்தான் களை. என் கொல்லையில கீரை. ‘தின்னே தீர்ப்போம்’னு மைக்குல கத்தினது நீதானே? தீர்ந்துபோச்சுன்னா அப்புறம் எதைத் திங்கிறதாம்?”

கூட்டம் சிரித்தது. பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

மார்லிஸ் நேராக வெர்லின் வீட்டுக்குப் போனாள். முந்தின நாள் மழையில் கொல்லை சேறாகிக் கிடந்தது. அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

“வேரோட இழு. நடுவுல ஒடிஞ்சா மறுபடி தழைஞ்சுடும்.”

“எனக்கே பாடம் எடுக்கறியா? போய் உன் துவையலைக் கட்டிக்கிட்டு அழு.”

ஒன்று விடாமல் பிடுங்கிப் பையில் கட்டினாள். கோபம் மட்டும் அடங்கவில்லை. அவன் கொல்லைக் கதவைத் திறந்தால் காடு. பிரஷ் இருக்கும் வாசலைச் சுற்றிக்கொண்டு போகிற பொறுமை அன்று அவளுக்கு இல்லை. அப்படியே உள்ளே போய், அதே ஓக் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைப் பெஞ்சுக் காலில் வழித்துப் போட்டாள். இந்த ஒரு இடமாவது சுத்தமாக இருக்கிறதே என்று மூச்சு விட்டாள்.

அடுத்த வசந்தத்தில் அந்தப் பெஞ்சுக் காலைச் சுற்றி நெருக்கமாகக் கன்றுகள் முளைத்திருந்தன. ஒன்றைக் கிள்ளிக் கசக்கினாள். பூண்டு வாசனை.

“யார் கொண்டாந்து போட்டிருப்பா?” என்றான் வெர்லின்.

“மான்,” என்றாள் மார்லிஸ்.

“மான் பெஞ்சுல உக்காருமா?”

அவள் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.

“சரி விடு. இந்த வருஷம் போட்டி உண்டா?”

“உண்டு. கோப்பையைத் துடைச்சு வை.”