நாற்பது பெட்டி

செல்லத்துரையின் அடியை நம்பித்தான் எஸ்டேட் வாலிபால் டீமே இருந்தது. சாயங்காலம் தொழிலாளர் லயத்துப் பக்கத்து மைதானத்தில் அவன் எம்பி ஓங்கி அடித்தால், பந்து தரையில் பட்டுத் துள்ளி வீடுகளின் தகரக் கூரையில் போய் மோதும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெண்கள் உலை வைப்பார்கள்.

அதே ஆள் வருசா வருசம் பீர்மேட்டில் கப்பு மேட்ச் ஆடினால் பந்து வலையைத் தாண்டாது. எழுபத்திரண்டில் தோற்றார்கள், எழுபத்துமூன்றிலும் தோற்றார்கள். வீட்டில் புலி வெளியில் எலி என்று நண்டு சிண்டெல்லாம் அவனைச் சொல்ல ஆரம்பித்தது. மனைவி வேலுத்தாய் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். டீம் கேப்டன் பொன்ராஜ், ஃபாக்டரி ஃபிட்டர், எல்லாம் பயம்தான் என்று சொல்லிவிட்டான். அடுத்தவனுக்கு என்ன வியாதி என்று சொல்ல இந்த மலையில் ஆளுக்கா பஞ்சம்.

செல்லத்துரைக்குப் பயம் இல்லை. பயமாவது இருந்திருக்கலாம். மேட்ச் அன்று அவனுக்கு ஒன்றுமே இருக்காது. தோள் வேறு யாருடையதோ போலத் தொங்கும். தோற்றுத் திரும்பும்போது ஜீப்பில் உட்கார்ந்து வருத்தப்படக்கூட வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஆடியபோதும் கை அப்படியே மரத்துக் கிடந்தது. கூட்டமும் இல்லை, கப்பும் இல்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது. மற்ற நாளெல்லாம் தேயிலைப் பெட்டி நாற்பதைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றிவிட்டுத்தான் அவன் மைதானத்துக்கு வருகிறான். மேட்ச் என்றால் மேனேஜர் தொரை இரண்டு நாள் லீவு கொடுத்து, முட்டையும் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்.

பொன்ராஜிடம் போய்ச் சொன்னான். "அண்ணே, இந்தத் தடவ எனக்கு லீவு வேண்டாம். பெட்டி ஏத்திட்டு வாரேன்."

"லீவு வேண்டாங்குற மொத ஆளு நீதாம்ல. வெளிய சொல்லிராத, எல்லாருக்கும் நிறுத்திருவாங்க" என்றான் பொன்ராஜ். பிறகு சிரிக்காமல், "இந்த வருசமும் நீ கோட்ட விட்டேன்னா பேர வெட்டிருவேன்" என்றான்.

ஃபைனல் அன்று விடியும் முன்பே செல்லத்துரை ஃபாக்டரிக்குப் போனான். அவன் லீவில் அவனுக்குப் பதிலாக லோடு ஏற்றும் மொக்கையனை உட்காரச் சொல்லிவிட்டு நாற்பது பெட்டியையும் தானே ஏற்றினான். தோள் காந்தக் காந்த ஓடிப்போய் ஜீப்பில் ஏறினான்.

முதல் பந்தை அடித்ததுமே உள்ளங்கை சுரீர் என்று எரிந்தது. அந்த எரிச்சலில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கப்பு வந்தது.

"லீவும் முட்டையும் குடுத்த பலன் சார்" என்றான் பொன்ராஜ், தொரையிடம். செல்லத்துரை வாயைத் திறந்தான். சொன்னால் மொக்கையன் மாட்டுவான் என்று மூடிக்கொண்டான்.

தொரைக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இனி இவன் சுமை தூக்கக் கூடாது, பங்களா கேட்டில் வாட்சராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நாற்காலி, காக்கிக் கோட்டு, விசில் எல்லாம் வந்தன.

"எத்தன வருசமா ஒங்க முதுகுக்கு எண்ண தேச்சிருப்பேன். இனி எனக்கும் லீவு" என்றாள் வேலுத்தாய். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

ஒரே வாரத்தில் சாயங்காலப் பந்தும் வலையில் விழ ஆரம்பித்தது. கப்பு வாங்கின கொழுப்பு என்றான் பொன்ராஜ். செல்லத்துரை ஒரு காலையில் ஃபாக்டரிக்குப் போய் நின்றான்.

மொக்கையன் பெட்டியை விடவில்லை. "வேண்டாம்ணே, கோட்டு அழுக்காயிரும். தொரை பாத்தா என்னையத்தான் கேப்பாக."

அடுத்த மேட்சுக்கு அவன் பேரை வெட்டி, மொக்கையனைச் சேர்த்தார்கள். அன்று சாயங்காலம் செல்லத்துரை பங்களா கேட்டில் உட்கார்ந்திருந்தபோது கீழே தகரக் கூரை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் லயத்துக் கூரைகளில் புகை எழுந்தது. மொக்கையன் இன்று நாற்பது ஏற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கோட்டுக்குள் கையை விட்டு வலது தோளை அழுத்திக் கிள்ளினான். வலிக்கவில்லை. இன்னொரு தடவை கிள்ளிப் பார்த்தான்.