தரை வழியாகப் போன சத்தம்

ஐம்பது வயதில் டிரம்ஸ் கற்கத் தொடங்கிய தையல்காரர், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று பின்னறைச் சுவர்களில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டார். கதவு இடுக்கில் கடையில் மிஞ்சிய வெட்டுத்துணியைத் திணித்தார். அப்படியும் கீழ்வீட்டு நர்ஸம்மா படியேறி வந்துவிட்டார்.

"அண்ணே, நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து படுத்தா, தலைக்கு மேல இடி இடிக்குது."

தையல்காரருக்குக் கோபம் வரவில்லை. இத்தனை துணியையும் தாண்டி அது எந்த வழியாகத்தான் போகிறது என்று மண்டை குடைந்தது. "நான் கீழ வந்து கேட்டுப் பாக்கட்டுமாம்மா?" என்றார்.

குச்சிகளை மனைவியிடம் கொடுத்து, "ஒவ்வொண்ணா அடி," என்று சொல்லிவிட்டுப் போய், நர்ஸம்மாவின் கட்டிலருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். முதலில் ஏதோ பாத்திரம் உரசுவது போல லேசாகத்தான் கேட்டது. பிறகு காலால் மிதிக்கும் பெரிய டிரம் முழங்கியது. மேசையிலிருந்த தம்ளர் தண்ணீர் நடுங்கியது.

"சுவரு இல்லம்மா, தரைதான் திருடன்!" என்று துள்ளினார்.

மறுநாள் துளையிட்ட இரண்டு பலகைகளுக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளைப் பொருத்தி, அதன் மேல் டிரம்ஸை ஏற்றினார். மறுபடி கீழே ஓடினார். தண்ணீர் அசையவில்லை.

"அண்ணி இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

பூரித்துப்போய் மேலே வந்தவர், குச்சிகளுக்காகக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி, நிமிராமலே. "இப்பதான் கையும் காலும் ஒத்து வருது."