எல்லாரும் சார்

புதுச் சட்டையின் முதுகை அவள் கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை கத்தரியால் பிளந்தாள். செத்துக் கிடக்கும் அப்பாவின் கைகள் விறைத்துவிட்டன, வளைத்து நுழைக்க முடியாது. இப்படிப் பிளந்தால் முன்பக்கமாகப் போர்த்தி, ஓரங்களை முதுகுக்கடியில் செருகிவிடலாம். தையல்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளே தைத்த சட்டைதான். சின்னவன் வரும் நாளில் போட்டுக்கொள்வேன் என்று அப்பா அடம்பிடித்துத் தைக்கச் சொன்னது.

சின்னவன் எங்கே வருவது! கப்பல் வேலைக்குப் போயிருந்த அவளுடைய தம்பி மூன்று மாதத்துக்கு முன்பே தூரத்துத் துறைமுகமொன்றில் சரக்கு சரிந்து விழுந்து செத்துப்போனான். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய அப்பா அப்போது எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தார். அவரிடம் எந்த வாயால் சொல்வது? கப்பலில் இருக்கிறான், இன்றைக்குப் பேசினான், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று அவள் தினமும் புளுகினாள். அப்பாவோடு அதே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் மாமாவும் வாரம் ஒருமுறை வந்து, என்கிட்டயும் பேசினான்டா என்று ஒத்து ஊதினார். அப்பா சிரிப்பார், அரை டம்ளர் பால் கூடுதலாக இறங்கும். படுக்கைப் புண்ணில் சீழ் துடைத்த அந்த மூன்று மாதத்தில் அவளுக்கு ஒருநாள்கூடக் குமட்டியதில்லை.

இன்று காலை அண்ணன் வந்ததிலிருந்துதான் குமட்டுகிறது.

அண்ணன் கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற அதிகாரி. ஆபீஸில் அவருக்கு 'எல்லாரும் சார்' என்று பெயர். எதற்கெடுத்தாலும், "எல்லாரும் இப்படியே பண்ணினா என்ன ஆகும்?" என்பார். ஆஸ்பத்திரியில் அவள் பிரசவ வலி எடுத்துத் துடித்தபோதுகூட, எல்லாரும் முந்தினால் வரிசை எதற்கு என்று, கட்டுப் பிரிக்க வந்த ஒருவனுக்குப் பின்னால் அவளை நிற்க வைத்தவர். ஒரு மளிகைக்காரர் மட்டும் ஒருமுறை மடக்கினார்: எல்லாரும் எடை சோதிக்கிற வேலைக்கே போய்விட்டால் கடை வைப்பது யார் சார், அப்போது உங்கள் வேலையும் தப்புதானே? அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அது வேற" என்றாராம்.

காலையில் அவள் அடுப்படியில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா, சின்னவன் எப்போது வருகிறான் என்று அண்ணனிடம் கேட்டது காதில் விழுந்தது. டம்ளரோடு ஓடுவதற்குள் அண்ணன் சொல்லி முடித்துவிட்டார், தேதி உட்பட.

அப்பா அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப குட்டி தினமும் சொன்னது?"

"பொய்ப்பா."

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கூப்பிட்டாள், கெஞ்சினாள், பாலை உதட்டில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. பால் கடைவாயோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. பத்து மணிக்குள் மூச்சு நின்றது. குட்டி என்று அவளைச் செல்லமாகக் கூப்பிட்டே பழகிய மனுஷன், கடைசியாக அவளை ஒரு பார்வை பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஏன் சொன்னாய் என்று அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் நிதானமாக அவள் விரல்களைப் பிரித்துவிட்டார். "சாகக் கிடக்கிறவங்ககிட்ட எல்லாரும் பொய் சொன்னா, அப்புறம் சாகக் கிடக்கிறவன் யாரு பேச்ச நம்புவான்?"

கேட்கச் சரி போலத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் எல்லாருமா இருந்தார்கள்? அப்பா ஒருத்தர்தானே இருந்தார்!

இப்போது வாசலில் அண்ணன் துக்கம் கேட்க வந்தவர்களிடம் பேசும் குரல் கேட்டது. நிம்மதியாகப் போய்விட்டார், தூக்கத்திலேயே, ஒரு கஷ்டமும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் அதே பாட்டு. ஓர் உறவுக்காரி, குடுத்து வெச்ச சாவு என்றாள். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார்.

நாற்காலி எடுக்க அவர் உள்ளே வந்தபோது அவள் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "தூக்கத்துலயா போனாரு?"

அண்ணன் கதவைச் சாத்தினார். "அது வேற. சாவு வீட்டுல நடந்தத நடந்தபடி எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சா, துக்கம் கேக்க எவன் வருவான்?"

அவள் அவரையே பார்த்தாள். அளவு நாடா என்னவோ ஒன்றுதான், பிடிக்கிறவன் தன் வசதிக்கு இறுக்கியும் தளர்த்தியும் பிடித்துக்கொள்ளலாம். தன் கடைக்கு வருகிற பெண்களில் இப்படி வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பவர்கள் உண்டு. அவர்களாவது அப்போது வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சீ, இந்த ஆளுக்கு அதுகூட இல்லை.

கதவு தட்டப்பட்டது. கண்டக்டர் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அப்பாவின் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"சின்னவன் விஷயம் தெரியாமலேயேதானே உங்கப்பன் போனான்?"

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும், இந்தத் தெருவில் 'எல்லாரும் சாரின்' யோக்கியதை சந்தி சிரித்துவிடும். மாமாவின் தோளுக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். கண்ணாலேயே கெஞ்சினார். வாழ்நாளெல்லாம் பொய்யே கூடாது என்று பேசிய மனுஷன் அவளிடம் ஒரு பொய்யைக் கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

மாமா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தாறு வயது. இனி வீட்டுக்குப் போய்த் தனியாகத்தான் படுக்க வேண்டும்.

"தெரியாது மாமா. நேத்து ராத்திரிகூட, கப்பல் எங்க வருதுன்னு கேட்டாரு."

மாமா தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். "அது போதும்மா," என்று சொல்லிவிட்டு மெல்ல வெளியே போனார்.

அண்ணன் நீளமாக மூச்சுவிட்டார். கட்டிலருகே வந்து, சட்டையின் வெட்டுப்பட்ட ஓரம் வெளியே தெரிவதைக் கண்டு அப்பாவின் முதுகுக்கடியில் நன்றாகச் செருகினார். பிறகு அவளுடைய வலக்கையை இரண்டு கைகளாலும் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

அவள் எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். அந்தக் கைக்குச் சோப்பு போட்டாள். கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தாள்.