பதினொன்றரைக்குப் பிறகு இரண்டரை

முள்ளித்திட்டு மதியத்தை இழந்தது ஆத்திமுத்துவின் வாயால். மணி பதினொன்றரை அடிக்கும். அடுத்த நிமிஷம் இரண்டரை. நடுவில் ஒன்றும் கிடையாது.

அரசாங்கம் பாலம் கட்ட வெளிநாட்டில் கடன் கேட்டது. வடக்கே ஒரு குளிர்நாட்டுச் சபை கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை: நாட்டில் உபயோகமில்லாமல் கிடப்பது எதையாவது ஈடாக வைக்க வேண்டும். பாலம் முள்ளித்திட்டுப் பக்கமே வராது. ஈடு தேடி மட்டும் அரசாங்க அதிகாரி ஒருவர் அங்கே வந்தார்.

ஊர் முழுக்க உப்பளம். ஆத்திமுத்து உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவன். வெயிலுக்குப் பயந்து எல்லாரும் விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, உப்பு வாரி, பத்து மணிக்குக் கரையேறிவிடுவார்கள். அந்த ஊரில் மதியத்தைப் பார்த்தவன் குறைவு.

"பன்னிரண்டு மணிக்கு என்ன செய்வீர்கள்?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார் அதிகாரி.

"தூங்குவோம்."

"மதியம் இல்லாமல் போனால்?"

"போனாப் போவுது சார். மண்டையைப் பொளக்குது. தாராளமா எடுத்துக்கிடுங்க."

கூட்டம் சிரித்தது. "அண்ணாச்சி, மாமியார் வீட்டையும் சேர்த்து எழுதிக் குடுத்திரும்" என்றான் ஒருவன். பின்வரிசையில் இருந்து ஆத்திமுத்துவின் பெண்டாட்டி லிங்கக்கனி எழுந்தாள்.

"உப்பைக் கேட்டியளா?"

"உப்பு வந்து பேசுமோ? உக்காரு."

உட்கார்ந்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் முதல் மதியம் வரவில்லை. பன்னிரண்டரை மணி இல்லாததால் பள்ளிக்கூடத்தில் சத்துணவு இல்லை. பன்னிரண்டு மணி பஸ் ஊர் எல்லை வரை வந்து, ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பாத்தியைத்தான் பார்க்க முடியவில்லை. பதினொன்றரைக்கு உப்புத்தண்ணீர் மேல் வெள்ளையாக ஆடை படரும். உடனே இரண்டரை ஆகிவிடும். வெயில் சாயும், ஆடை கரையும். ஆட்கள் தூங்கும்போது உப்பு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அத்தனை வருஷம் அதன் பக்கத்திலேயே கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் கடையில் உப்பு பாக்கெட்டில் வந்தது. குளிர்நாட்டு உப்பு. ஆத்திமுத்து ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தான். தன் ஊர் வெயிலை நாக்கு கண்டுகொண்டது. துப்பவும் மனசு வரவில்லை, விழுங்கவும் மனசு வரவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அதிகாரி மறுபடி வந்தார். அந்த உப்பை வாங்குவதற்கு ஒரு கடன் தரலாம் என்றார். அதோடு ஒரு வேலையும் இருந்தது. அந்த நாட்டுக்காரர்களுக்கு மதியத்தில் நிற்க முடியவில்லை. தலை சுற்றி விழுகிறார்கள். உப்பு வாரத் தெரிந்தவர்கள் வேண்டும்.

"நான் போறேன்" என்றாள் லிங்கக்கனி.

"நான் குடுத்ததுக்கு நீ எதுக்குப் போகணும்?"

"நீங்க தலைவரு. இங்க இருந்து சிரிச்சுக்கிட்டிருங்க."

போனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவாள். அதிகம் பேசமாட்டாள்.

"வெயில் எப்படி இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டான்.

"நம்ம வெயில்தான். முதல் நாளே என்னைக் கண்டுக்கிடுச்சு. தோளை விட்டு இறங்கமாட்டேங்குது."

"அதை நல்லா வச்சிருக்காவளா?"

"மெலிஞ்சு போச்சு. கூரை போட்ட மைதானத்துல கட்டி வச்சிருக்காவ. காக்கா சத்தம்கூடக் கிடையாது அதுக்கு."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. சாப்பிட மதியமும் இல்லை.

மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. விமான நிலையத்தில் திறக்கச் சொன்னார்களாம். மதியம் என்று சொல்லியிருக்கிறாள். தடைசெய்த சாமான்களின் பட்டியலை இரண்டு தரம் புரட்டினார்கள். தங்கம் இருந்தது, விதை இருந்தது, மதியம் இல்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பதினொன்றரைக்குப் பாத்தி நடுவில் நின்று மூடியைத் திறந்தாள். பன்னிரண்டு மணி ஆயிற்று. எல்லை வரை வந்த பஸ் உள்ளே வந்தது. வெயில் கொஞ்சம் நரைத்திருந்தது, ஆனாலும் சுட்டது. நாலாம் நாள் உப்பு வாரினார்கள்.

"சபைக்காரவ சும்மாவா விட்டாவ?" என்று கேட்டான் ஆத்திமுத்து.

"பதிலுக்குச் சாயங்காலத்தைக் கேட்டாவ. குடுத்துட்டேன்."

"யாரோடதை?"

"என்னோடதை மட்டும். ஊரைக் கேக்காம ஊருச் சாமானைக் குடுக்க நான் என்ன சங்கத் தலைவரா?"



அன்று முதல் நாலு மணிக்கு அவள் இருக்கமாட்டாள். ஏழு மணிக்கு இருப்பாள். குடித்துக்கொண்டிருந்த டீ அரை டம்ளர் அப்படியே நிற்கும். ஆத்திமுத்து தட்டு வைத்து மூடுவான். ஏழு மணிக்குச் சூடு பண்ணிக் கொடுப்பான். அவள் விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடருவாள். பாதியில் நின்ற வசவுகூட ஏழு மணிக்கு வந்து முடியும். அவன் தலையைக் குனிந்து முழுசையும் வாங்கிக்கொள்வான்.

ஒரு நாள் ஐந்து மணிக்கு அதிகாரி வந்தார். நாற்காலி போட்டான்.

"இந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

சும்மா இருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. மூடிய டம்ளரைப் பார்த்தான்.

"காத்துக்கிட்டிருக்கேன்."

"தினமுமா?"

"தினமும். நாலுலேர்ந்து ஏழு வரைக்கும். ஒரு நிமிஷம் மிச்சமில்ல."

உபயோகத்தில் உள்ளது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். மதியம் திரும்பி வந்ததைச் சபை கோப்பில் ஏற்ற வேண்டுமாம். முதல் வரியில் மதியத்தைக் கொடுத்தவர் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. ஆத்திமுத்து, தலைவர். கீழே, மீட்டவர் என்று போட்டு ஒரு கோடு.

"நீங்களே கையெழுத்துப் போடலாம். குடும்பத் தலைவர் போட்டால் செல்லும்."

"செல்லாது" என்றான். "ஏழு மணி ஆகட்டும். ஆளு வந்து போடும்."

அதிகாரியும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மூடிய டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு அடித்தது. டம்ளர் மேலிருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பேனாவை வாங்கி, கோட்டின் மேல் எழுத்துக் கூட்டி எழுதினாள், லிங்கக்கனி.