மெலுகாவிலிருந்து போனவன்

ஷெர்லிக்கு மறுநாள் காலையில் மாதிரி வகுப்பு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை வேலை. தலைப்பு, சிந்துவெளியும் மெசபடோமியாவும். வேலை கிடைத்தால் லீவில் வந்திருக்கும் கணவன் பெனின் மறுபடி ஈராக்கில் பஸ்ராவுக்குப் பைப் வேலைக்குப் போகவேண்டாம் என்று பேசி வைத்திருந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம். சேர்ந்து இருந்தது பதினாலு மாதம். அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் இரண்டு நகரங்களைக் கட்டினாள். சாமானுக்கு எங்கே போவாள்? பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பெட்டி இறங்கியது. இடப்பக்கம் மொகஞ்சதாரோ: நேர்த் தெரு, வீட்டுக்கு வீடு குளியலறை, மூடிய சாக்கடை. வலப்பக்கம் சுமேரிய நகரம்: தெர்மோகோலில் படிக்கோபுரம், அரண்மனை, ஆற்றங்கரையில் தென்னை. வருஷா வருஷம் பெத்லகேம் கட்டிய கையல்லவா, மூன்று ராஜாக்களின் ஒட்டகங்களையும் சந்தையில் நிறுத்திவிட்டது.

பெனின் காப்பியோடு வந்து பார்த்தான்.

"ஏட்டி, அங்க தென்ன எங்க உண்டு? அங்க உள்ளது ஒக்க பேரீச்சையாக்கும்."

தென்னங்கீற்றைக் கத்தரித்துப் பேரீச்சையாக்கினான். பிறகு மொகஞ்சதாரோவைக் குனிந்து பார்த்து, "சாக்கடைக்குச் சரிவு காணாது" என்று ஒரு முனைக்குக் கீழே தீக்குச்சி சொருகினான். தண்ணீர் ஊற்றினால் அழகாக ஓடியது.

"சிந்துவெளி ஆளுவ அங்க போய்க் குடியிருந்திருக்காவ" என்றாள் ஷெர்லி. "களிமண் பலகையில மெலுகாக்காரன்னு எழுத்து இருக்கு. மெலுகான்னா சிந்துவெளிதான்னு நெறைய பேரு சொல்லுதாவ."

"அப்பவே கல்ஃபா! போனவன் திரும்பி வந்தானா?"

"அத யாரும் எழுதல."

பெனின் டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

மறுநாள் இரண்டு நகரங்களையும் வைத்து நடத்திய வகுப்பு நன்றாகத்தான் போனது. முடிவில் தேர்வுக்குழுவில் ஒருவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "டீச்சர், அந்தக் காலத்துச் சுமேரியச் சந்தையில ஒட்டகமா?" என்றார்.

பெனின் பெட்டியோடு விமானம் ஏறுவது ஷெர்லியின் கண்ணில் தெரிந்தது.

"இல்ல சார், கழுதைதான் சுமந்தது. இது எங்க வீட்டுக் குடில் ஒட்டகம். கைப்பழக்கத்துல வச்சிட்டேன்."

"எங்க வீட்டுலயும் மூணு உண்டு" என்று அவர் சிரித்தார். "சரி, இந்த ரெண்டு நாகரிகத்துல எது பெருசு?"

மனப்பாடம் செய்த பதிலை அவள் சொல்லவில்லை. "அங்க ராஜாக்க பேரு ஒக்க தெரியும் சார். இங்க ஒரு ராஜா பேரும் தெரியாது. ஆனா வீட்டுத் தண்ணி தெருவுல கெட்டி நிக்கல்ல. எனக்கு இதுதான் பெருசு. வீட்டுக்காரரு பைப் வேலை சார், வேற மாதிரி சொன்னா வீட்டுல சோறு எறங்காது."

மூன்றாம் வாரம் நியமன ஆணை வந்தது. பெனின் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு ஏணியில் ஏறிக் குடில் பெட்டியைப் பரணில் வைத்தான். கீழே ஏணியைப் பிடித்து நின்ற ஷெர்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இஞ்சேருங்க, அண்ணைக்கு ஒண்ணு கேட்டியளே. மெலுகாவுலருந்து போனவன் ஒருத்தன் திரும்பி வந்தாச்சு. நான் எழுதி வச்சுக்கிடுதேன்."