நாலாவது பாட்டில் இல்லாத வரி

ரூஃபஸின் ராப் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. திங்கட்கிழமை மெம்ஃபிஸ் பத்திரிகை ஒன்று பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டது. ‘நாலாவது பாட்டு வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறது’ என்று விமர்சகர் எழுதியிருந்தார்.

“எவனோ சொல்லிக்குடுத்து எழுதியிருக்கான். ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாரு வொனெட்டா” என்றான் ரூஃபஸ். இதுவும் எடுபடாவிட்டால் இனி மைக்கைத் தொடுவதில்லை, கிடங்கு வேலையே கதி என்று போன மாதமே அவன் சொல்லியிருந்தான்.

பார்த்தேன். இணையத்தில் ஆல்பத்தின் கீழே பதினேழு பேர் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். அதில் ஐந்து பேர் ஒரே வரியைச் சொல்லி அழுதிருந்தார்கள்: ‘பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று சீருடையோடு தூங்கும் அம்மா.’ வெளிவந்த நாலாவது பாட்டில் அந்த வரியே கிடையாது.

பீட் போட்டு, பாட்டுகளைச் சேர்த்து முடித்தவள் நான்தான். நீளமாக இருக்கிறதென்று கடைசி நாளில் அதை வெட்டினேன். அவனிடம் சொல்லவில்லை, கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன், வரவில்லை. நல்லவேளை என்று இருந்துவிட்டேன். எங்கள் ஊரில் எந்தப் பாட்டையும் முதலில் காரில் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி அதிர்ந்தால்தான் திருப்தி. அதற்காக, வெட்டுவதற்கு முன்பே பதிந்த மூன்று சிடிகளில் மட்டும் அந்த வரி இருந்தது. ஒன்று என்னிடம், ஒன்று ரூஃபஸிடம், ஒன்று அவன் அக்கா லோரெயினிடம்.

தம்பிக்காக எதையும் செய்யக்கூடியவள் லோரெயின். நேராக அவள் சலூனுக்குப் போனேன்.

“அந்த அஞ்சு பேரும் நீதானே?”

“எனக்கு வேற வேலை இல்ல பாரு! என் கார்ல பாட்டுப் பெட்டி செத்து ஆறு மாசமாச்சு. சிடியைப் பிரிக்கவே இல்லடி.” உறை கிழியாத சிடியை என் மடியில் எறிந்தாள். “அப்படிப் பாத்தா நீயே எழுதியிருப்ப. எங்கிட்ட வந்து நாடகம் போடறியா?”

நான் எழுதவில்லை. அப்படியானால் மிச்சம் ஒருத்தன்தான்.

ரூஃபஸ் கிடங்கு வாசலில் காருக்குள் உட்கார்ந்து கோழி இறக்கை தின்றுகொண்டிருந்தான். நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சிடியில். நான் ஏறி உட்கார்ந்து, அந்த ஐந்து பேர் எழுதியதைப் போனில் நீட்டினேன். அவன் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“யாராவது ஆரம்பிச்சாத்தானே மத்தவங்க வருவாங்க? சரி, நான்தான். எப்படிக் கண்டுபிடிச்ச?”

அப்படியே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

“வெளிவந்த பாட்டை நீ ஒரு தடவையாவது கேட்டியா?”

“எதுக்கு? இதானே அது?”

போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். பஸ் வந்தது, விடியல் வந்தது, அடுத்தது நேராகப் பல்லவி. ரூஃபஸ் கையை நீட்டி மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளினான். மூன்று முறை தள்ளினான்.

“அம்மா எங்க?” என்றான்.

வெட்டியது நான்தான் என்று சொன்னேன். அவன் கத்தவில்லை. பத்திரிகையின் பக்கத்தைத் திறந்து, வாசல் வரை வந்து திரும்பிய அந்த ஒரு வரியைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

“ஊர்ல இவன் ஒருத்தன்தான் ஒழுங்கா கேட்டிருக்கான். அவனைப் போயி நான் திட்டினேன்.”