செவ்வந்தியைக் கல்லணைக்கு அனுப்புவதா?

1

இந்தக் கதை என் சரக்கல்ல. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் செவ்வந்தி சொன்னது. பழைய கூலிப் போராட்டத்தைப் பற்றிக் கேட்கத்தான் அவரிடம் போனேன். அவரோ குடும்பத்தோடு கல்லணைக்குப் போன கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதுங்க தம்பி. ஆனா உங்க கதையிலயாவது எங்கள அங்க அனுப்பாதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அனுப்பாவிட்டால் கதையே இல்லை. அனுப்பினால் சொன்ன சொல் தவறியவன் ஆவேன். இருதலைக் கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருக்கிறேன்.

(அன்றைய செவ்வந்திக்கு என் மகள் வயது. அவளை 'அவள்' என்பேன். இன்றைய செவ்வந்தி 'அவர்'.)

2

முதல் முயற்சி: தை மாதத்து இளவெயிலில் சம்பாக் கதிர்கள் பொன்னைப் போல்...

வேண்டாம். முற்றி நின்ற அந்த நெல்லைப் பார்த்துத் தெருவில் ஒருவரும் பொன் என்று நினைக்கவில்லை. சோறு என்றுதான் நினைத்தார்கள்.

இரண்டாம் முயற்சி: கழக ஆட்சி வந்த மூன்றாவது பொங்கல். கிழக்கே கூலி கூட்டிக் கேட்டவர்களின் குடிசைகள் எரிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தரும்வரை மிராசுதார் வயலில் அரிவாள் வைப்பதில்லை என்று செவ்வந்தியின் தெரு முடிவு செய்திருந்தது. அறுப்புக்கு அவர் வெளியூர் ஆட்களை இறக்கிவிடக் கூடாதே என்று முறைவைத்து வரப்பில் காவல் இருந்தார்கள். அறுப்புக்கு அளக்கிற நெல்தான் அவர்களுக்கு வருஷச் சாப்பாடு. அது போனால் எல்லாம் போச்சு.

அப்போது பார்த்துச் செவ்வந்திக்கு ஓர் ஆசை வந்தது.

"காணும் பொங்கலுக்கு ஊரு ஒலகமே கல்லணை போவுது. நம்ம புள்ள ஒருநாளு பாத்திருக்கா?" என்றாள் புருஷன் இளையபெருமாளிடம். மகள் அம்சத்துக்கு அப்போது ஏழு வயது.

"காவலுக்கு யாரு இருக்கறது?"

"பண்டிகையும் அதுவுமா எவன் அறுப்பான்? நம்ம ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?"

பொங்கல் முடியும்வரை வயலில் அரிவாள் படக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். [குறுக்கே ஒரு வார்த்தை. மிராசுதார் நெல் அளப்பதில் ஏமாற்றுவார், அடிப்பார், பொய் வழக்குப் போடுவார். அதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சாமி காரியத்தில் கைவைப்பார் என்று மட்டும் நினைக்கவில்லை. முன்பு ஒருமுறை அந்த வழக்கத்தை மீறியதற்காக அவர்களைக் கட்டிவைத்து அடித்தவரே அவர்தான்.]

3

இளையபெருமாள் மசிந்ததும் செவ்வந்தி தெருவையே கிளப்பிவிட்டாள். புளிச்சோறு இவள் பொறுப்பு, துவையல் காளியம்மாள் பொறுப்பு. யார் குழந்தையை யார் பிடித்துக்கொள்வது என்பதுவரை பேசி முடித்தாள். அதுவரை அவள் சொல்லி நாலு பேர் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தாள்.

அப்போது மிராசுதாரின் காரியக்காரர் தியாகேசன் வந்தார்.

"புள்ளகுட்டியோட நடந்தா போவீங்க? பண்ணை டிராக்டர் சும்மாதானே கெடக்கு. ஐயாகிட்ட நான் சொல்றேன், ஏறிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

இந்தத் தியாகேசனை என்னால் நம்ப முடியவில்லை. ஊரே பார்க்கும்படியா ஒருவர் தூண்டில் போடுவார்? இவரை எடுத்துவிடலாமா என்று செவ்வந்தியிடமே கேட்டேன்.

"சிரிச்ச மொகமா சொன்னாரு தம்பி. அவுங்க எங்களப் பாத்துச் சிரிச்சு நாங்க எங்க கண்டோம்?"

அதனால் தியாகேசன் இருக்கட்டும்.

4

போனார்கள். (இதற்குமேல் இழுக்க முடியவில்லை, மன்னியுங்கள்.)

மதகுகளில் காவிரி நுரைத்து இறங்கியது. இளையபெருமாள் அம்சத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் நின்றான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். கரையில் நின்ற செவ்வந்தியும் கட்டிய சேலையோடு இறங்கிவிட்டாள்.

திரும்பக் கூட்டிப்போகச் சொன்ன நேரத்துக்கு டிராக்டர் வரவில்லை. கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து ஊர் எல்லையில் இறங்கினார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. வயல் மொட்டையாகக் கிடந்தது. லாரியில் வந்த வெளியூர் ஆட்கள் அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசிக் கட்டுகளைக் களத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது அதே டிராக்டர்தான்.

யாரும் செவ்வந்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அந்த வருஷம் தெருவில் அடுப்பு எரிந்த வீடு குறைவு. சித்திரையில் இளையபெருமாள் மூட்டை தூக்க நாகப்பட்டினம் போனான். அங்கேயே காய்ச்சலில் செத்தான்.

5

மாற்று முடிவுகள்.

(அ) நாலு பேரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு மற்றவர்கள் போகிறார்கள். லாரி வந்த வழியே திரும்புகிறது. ஆனால் அந்த நாலு பேரில் முதல் ஆளாக இளையபெருமாள் நிற்பான். அப்புறம் அம்சத்தை யார் தோளில்...

(ஆ) யாருமே போகவில்லை. அரை மரக்கால் கிடைக்கிறது. இளையபெருமாள் பேரன் பேத்தி எடுக்கிறான்.

கேட்டபடியே எழுதிவிட்டோம் என்று (ஆ)வை எடுத்துப்போய்ச் செவ்வந்திக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த மனுசன் சிரிச்சு எம்மவ பாத்தது அந்த ஒரு நாளுதான் தம்பி. அதையும் அடிச்சிட்டீங்களே."

"அப்போ அனுப்பிடட்டுமாம்மா?"

"அனுப்புனா செத்துப்போயிருவாரே."

6

ஆகவே டிராக்டர் தெருமுனையில் நிற்கிறது. அம்சம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இளையபெருமாள் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கிறான்.

"என்ன செவ்வந்தி, ஏறலாமா?"

அவளுக்காக நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் அழுதார்.